‘சாரி சார், லாக் ஆகல!’: பெரிய உடல்வாகு, முழங்கால் வலி உள்ளவர்கள் தீம் பார்க் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு மணி நேரம் க்யூவில் நின்றாகிவிட்டது. பக்கத்தில் எட்டு வயது மகள், “அப்பா, நம்ம டர்ன் வந்துடுச்சு” என்று குதிக்கிறாள். ரோலர் கோஸ்டர் வந்து நிற்கிறது. ஏறி உட்கார்ந்து, தொடைக்கு மேலே இருக்கும் கம்பியை இழுத்தால் வயிற்றில் முட்டி நிற்கிறது. ஊழியர் வந்து அழுத்திப் பார்க்கிறார். இன்னொருவரும் சேர்ந்து அழுத்துகிறார். லாக் ஆகவில்லை. பின்னால் நிற்கும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே போகும் வழியைக் காட்டுகிறார்கள்.

“நீ அம்மாவோட போயிட்டு வா கண்ணு. அப்பா கீழ நிக்கிறேன்.”

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஊர் ஐடி குடும்பங்களின் விடுமுறைப் பட்டியலில் ஃபுளோரிடாவின் ஆர்லண்டோ நிச்சயம் இருக்கும். டிஸ்னி, யுனிவர்சல் இரண்டும் ஒரே ஊரில் இருப்பதால், சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் எக்ஸ்எக்ஸ்எல் சட்டை போடும் மகன் ஒருவர் இருப்பார். அரை கிலோமீட்டர் நடந்தாலே முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் அம்மா ஒருவர் இருப்பார். இரண்டு பேருக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். உள்ளே கிடைக்கும் நாள்தான் வேறு.

இதில் பாதியை முன்கூட்டியே தவிர்க்க முடியும். அதற்கு முதலில், அந்தக் கம்பி ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

எடை பிரச்சினையா, உடல் அமைப்பா?

“நான் நூறு கிலோ, ஏற முடியுமா?” இதுதான் பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. தண்டவாளத்துக்கு உங்கள் எடை ஒரு பொருட்டே இல்லை. பூட்டு எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம்.

பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். பேருந்து கீழே இறங்கிவிடும், உடம்பு ஒரு நொடி மேலேயே நிற்கும். ரோலர் கோஸ்டர் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது நடப்பதும் அதுதான், பல மடங்கு வேகத்தில். அந்த நொடியில் உடம்பைச் சீட்டோடு பிடித்து வைப்பது ‘லேப் பார்’ எனப்படும் தொடைக் கம்பி. அது தொடை எலும்புக்கு மேலே அழுந்தி உட்கார வேண்டும். தொடையில் உட்காராமல் வயிற்றின் மேல் நின்றுவிட்டால் ஆபத்து. வயிறு மெத்தை மாதிரி. அழுத்தினால் உள்ளே போகும். ஓட்டத்தில் உடம்பு நகர்ந்ததும் கம்பிக்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி விழும். அதனால்தான் பல ரைடுகளில் கம்பி இத்தனை ‘கிளிக்’ இறங்கியாக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஊழியர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

இதனால்தான் 120 கிலோ எடையுள்ள உயரமான ஒருவர் சுலபமாக உட்கார்ந்துவிடுவார். 95 கிலோவில் வயிறு மட்டும் முன்னால் இருக்கும் ஒருவர் இறக்கிவிடப்படுவார். தோளுக்கு மேலிருந்து இறங்கும் பூட்டு என்றால் மார்பு அகலம்தான் கணக்கு. அங்கே பெண்களுக்கும், ஜிம்மில் மார்பைப் பெருக்கிய இளைஞர்களுக்கும் சிக்கல் வரும்.

டிஸ்னி வேர்ல்டில் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட ‘ட்ரான்’ ரைடு இன்னும் விசித்திரம். பைக் ஓட்டுவதுபோல முன்னால் குனிந்து உட்கார வேண்டும். பூட்டு விழுவது கெண்டைக்காலின் பின்புறம். தொப்பையே இல்லாத, ஆனால் கால் தசை திரண்ட சைக்கிள் வீரர்கூட இதில் மாட்டிக்கொள்ளலாம். சில ரயில்களின் கடைசி வரிசையில் மட்டும், பைக் இல்லாமல் சாதாரணமாகச் சாய்ந்து உட்காரும் சீட் உண்டு. கேட்டால் தருவார்கள், கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடும்.

நீர்ச் சறுக்குகளின் கதை வேறு. அங்கே எடைதான் வேகத்தையும் வளைவில் எவ்வளவு உயரம் ஏறுவோம் என்பதையும் தீர்மானிக்கிறது. தனியாகச் சறுக்கும் சில ஸ்லைடுகளில் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ வரை என்று பலகையிலேயே எழுதியிருப்பார்கள். மிதவையில் நான்கைந்து பேர் சேர்ந்து போவதென்றால் மொத்த எடைக்கு வரம்பு. சில இடங்களில் தராசே வைத்திருப்பார்கள். படியேறி மேலே போன பிறகு தராசில் நிற்பதைவிட, கீழே பலகையைப் படித்துவிடுவது நல்லது.

எல்லா இடத்திலும் ‘முடியாது’, ஓர் இடத்தில் ‘சரி’

2022 மார்ச் 24. ஆர்லண்டோவின் ஐகான் பார்க்கில் ‘ஃப்ரீ ஃபால்’ என்ற ரைடு. 430 அடி உயரத் தூணில் மேலே கொண்டுபோய் சட்டென்று கீழே விடுவார்கள். திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மிசூரி மாநிலத்திலிருந்து வந்திருந்த 14 வயது சிறுவன் அதில் ஏறினான். நல்ல உயரம், அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடும் பையன். எடை 380 பவுண்டுக்கு மேல், அதாவது 170 கிலோவைத் தாண்டும். அன்று வேறு ரைடுகளில் அவனை ஏற்ற மறுத்துவிட்டார்கள் என்று அவனுடைய தந்தை பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார். இந்த ஒரு ரைடு ‘சரி’ என்றது.

கீழே வந்து வேகம் குறையும் நேரத்தில் அவன் சீட்டிலிருந்து நழுவி விழுந்து இறந்தான்.

தயாரிப்பாளர் கொடுத்த கையேட்டில் அந்த ரைடுக்கான எடை வரம்பு சுமார் 130 கிலோ. ஃபுளோரிடா அரசு நியமித்த பொறியாளர்களின் விசாரணையில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அவன் அமர்ந்த சீட்டின் சென்சார் கையால் திருத்தப்பட்டிருந்தது. பூட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே வழக்கமாக இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 3 அங்குலம். அந்தச் சீட்டில் அது இரு மடங்காகியும் ‘பூட்டியாகிவிட்டது’ என்று விளக்கு எரிந்தது. கூடுதல் பாதுகாப்புக்கு சீட் பெல்ட்டும் இல்லை. 2023-ல் அந்தத் தூண் பிரித்து அகற்றப்பட்டது. அதே ஆண்டு, அந்தச் சிறுவனின் பெயரிலேயே ரைடு பாதுகாப்புச் சட்டம் ஒன்றை ஃபுளோரிடா கொண்டுவந்தது.

2011-ல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு பார்க்கிலும் இதே மாதிரி நடந்தது. ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்திருந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், குடும்பத்தோடு வந்து 200 அடிக்கு மேல் உயரமுள்ள ரோலர் கோஸ்டரில் ஏறினார். ஏறுபவருக்கு இரண்டு கால்களும் இருக்க வேண்டும் என்பது அந்த ரைடின் எழுதப்பட்ட விதி. தொடைக் கம்பி பிடித்துக்கொள்ளத் தொடை இல்லாவிட்டால் அந்தக் கம்பிக்கே அர்த்தமில்லை. யாரும் தடுக்கவில்லை. அவர் தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார். நாட்டுக்காகக் காலை இழந்தவரிடம் ‘நீங்கள் ஏற முடியாது’ என்று சொல்ல எந்த ஊழியருக்கு வாய் வரும்? அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த இடத்தில் தேவைப்பட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

ஆகவே ‘லாக் ஆகல சார்’ என்பவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. “இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, நான் மூச்சை இழுத்துக்கறேன்” என்று கெஞ்சுவதும் வேண்டாம். கோபப்பட வேண்டியது வேறு ஒரு விஷயத்துக்கு. அந்த ‘முடியாது’ ஏன் ஒரு மணி நேரம் கழித்து, நூறு பேர் முன்னால் வருகிறது?

வாசலிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்

இதற்கு யுனிவர்சல் பார்க்குகளில் ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது: டெஸ்ட் சீட். ரைடில் இருக்கும் அதே சீட், அதே பூட்டு, க்யூ தொடங்கும் இடத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும். உட்கார்ந்து, பூட்டை இழுத்து, லாக் ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆகாவிட்டால் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடலாம்.

இந்த விஷயத்தில் பலருக்கும் நினைவிருப்பது 2010 ஜூனில் திறந்த ஹாரி பாட்டர் ரைடு, ‘ஃபர்பிடன் ஜர்னி’. நான்கு பேர் உட்காரும் பெஞ்ச், தோளுக்கு மேலிருந்து வரும் இறுக்கமான பூட்டு. திறந்ததுமே உட்கார முடியாமல் திரும்பியவர்களின் புகார் குவிந்தது. பிறகு, பெஞ்சின் சில சீட்டுகளை மட்டும் பெரிய உடல்வாகுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள். அதாவது, வடிவமைப்பவர்கள் மனது வைத்தால் பாதுகாப்பைக் குறைக்காமலே இடம் கொடுக்க முடியும். இப்படிப் பெரிய சீட், கூடுதல் பெல்ட் உள்ள தனி வரிசை வேறு பல ரோலர் கோஸ்டர்களிலும் உண்டு. டெஸ்ட் சீட்டில் உட்காரும்போதே, “எந்த வரிசை எனக்குச் சரியா வரும்?” என்று ஊழியரிடம் கேட்டுவிட வேண்டும். அவர்களுக்கு இது தினமும் பத்து முறை கேட்கும் கேள்வி, கூச்சம் நமக்குத்தான்.

ஒரு சின்னத் தந்திரம்: உட்காரும்போது இடுப்பை சீட்டின் பின் மூலை வரை தள்ளி, முதுகை நிமிர்த்தி, பிறகு கம்பியை இழுக்கவும். சரிந்து உட்கார்ந்தால் வயிறு முன்னால் வந்து, இறங்க வேண்டிய கம்பியும் இறங்காது. பாக்கெட்டில் மொபைல், பர்ஸ் இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

ரைடுக்கு வெளியிலும் சில இடங்கள் இருக்கின்றன. நுழைவாயிலில் சுழலும் கம்பிக் கதவு இடுப்பை இறுக்கும் என்றால், பக்கத்திலேயே வீல்சேருக்கான அகலக் கதவு இருக்கும். அதில் போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். உணவகத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலி கேட்கலாம். விமானத்தில் சீட் பெல்ட் எக்ஸ்டென்ஷன் கேட்டால் பணிப்பெண் சத்தமில்லாமல் கொண்டுவந்து தருவார். யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம் ஒன்றும் உண்டு. ஆர்லண்டோவின் கோடை சென்னை மாதிரியே புழுங்கும். நாள் முழுக்க நடந்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும். உள்ளே ஒரு சைக்கிளிங் ஷார்ட்ஸ், கொஞ்சம் வாசலின். மறுநாள் நடக்க முடிவதும் முடியாததும் இதில்தான் இருக்கிறது.

அம்மாவின் முழங்கால்

“எனக்கு எதுக்குப்பா வீல்சேர்? நான் என்ன நோயாளியா?” இப்படிச் சொல்லாத தமிழ் அம்மா உண்டா?

தூரத்தைச் சொன்னால் புரியலாம். டிஸ்னி வேர்ல்ட் மொத்தம் சுமார் 40 சதுர மைல். அதில் எப்காட் என்ற ஒரே பார்க்கில், ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகளைப் பார்க்கும் பாதை மட்டும் 1.2 மைல், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது அங்கே சாதாரணம். வீட்டில் நன்றாக நடப்பவருக்கும் மதியம் இரண்டு மணிக்கு மேல் கால் ஒத்துழைக்காது. “வீல்சேர் உன் காலுக்கு இல்லம்மா, அந்த ஊர் தூரத்துக்கு” என்று சொல்லிப் பார்க்கலாம்.

தள்ளும் வீல்சேர், உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டர் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்கூட்டரை 18 வயது நிரம்பியவர்கள்தான் ஓட்டலாம். டிஸ்னியில் அதன் எடை வரம்பு 450 பவுண்டு, சுமார் 204 கிலோ. முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதலில். விடுமுறை நாளில் காலையிலேயே தீர்ந்துவிடும் என்பதால், வெளியே உள்ள வாடகைக் கடைகள் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் ஸ்கூட்டரை எடுப்பவர்கள் அதிகம். ஸ்கூட்டர் நுழையாத க்யூக்கள் சில உண்டு. அங்கே ஸ்கூட்டரை வெளியே விட்டுவிட்டு, அவர்கள் தரும் தள்ளும் வீல்சேருக்கு மாற வேண்டும்.

அடுத்தது, ரைடில் ஏறுவது. ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகு, ‘ஜங்கிள் க்ரூஸ்’, ‘கிளிமஞ்சாரோ சஃபாரி’ போன்றவற்றில் வீல்சேரோடு அப்படியே ஏறும் வண்டி இருக்கிறது. மற்ற பலவற்றில் வீல்சேரிலிருந்து எழுந்து சீட்டுக்கு மாறி உட்கார வேண்டும். ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: ஊழியர்கள் யாரையும் தூக்கி உட்காரவைக்க மாட்டார்கள். அதற்கு வீட்டு ஆட்கள் கூட இருக்க வேண்டும். ரைடு நடுவழியில் நின்றுவிட்டால் படியிறங்கி வர வேண்டியிருக்கும் என்பதும் சில இடங்களில் வீல்சேர் பயணிகளை மறுக்கக் காரணம்.

“வீல்சேர்ல போனா க்யூ இல்லாம நேரா விட்டுருவாங்களாமே?” இது பழைய கதை. வீல்சேர் நுழையாத பழைய க்யூக்களால் வந்த சலுகை அது. 2013-ல், மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கு 130 டாலர் கொடுத்து ‘வழிகாட்டி’யாக அமர்த்திக்கொண்டு சில பணக்காரக் குடும்பங்கள் க்யூவைத் தாண்டுவதாக ஒரு நியூயார்க் பத்திரிகை எழுத, பெரிய சர்ச்சையானது. டிஸ்னி அந்த அட்டையை நிறுத்திவிட்டு, காத்திருக்கும் நேரத்தை க்யூவுக்கு வெளியே கழிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2024-ல் அதையும் சுருக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடுகளால் நீண்ட க்யூவில் நிற்க முடியாதவர்களுக்கே முக்கியமாக என்று ஆக்கிவிட்டார்கள். முழங்கால் வலிக்கு அது கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். வீல்சேரில் உட்கார்ந்தபடி சாதாரண க்யூவில்தான் போக வேண்டியிருக்கும். இதனால் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். க்யூ நடுவில் அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டிய நோய் உள்ளவர்களின் கோபம் இன்னும் அடங்கவில்லை. யுனிவர்சலில் இந்தச் சலுகை வேண்டுமென்றால், வருவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது ஆன்லைனில் ‘ஐபிசிசிஇஎஸ்’ என்ற அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இவ்வளவாவது இருப்பதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-ல் வந்தது. அதன் கீழ் 2010-ல் வெளியான வடிவமைப்பு விதிகளின்படி, புதிதாகக் கட்டப்படும் ரைடில் வீல்சேருக்கு ஓர் இடமாவது, இல்லையென்றால் மாறி உட்கார ஏற்ற ஒரு சீட்டோ கருவியோ இருந்தாக வேண்டும். பெரிய உடல்வாகுக்கு அப்படி ஒரு விதி இல்லை. அங்கே பார்க்கின் மனதும் வியாபாரக் கணக்கும்தான்.

நீச்சல் குளத்தில் தொடங்கிய பார்க்

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் வீடு கட்டி விற்கும் தொழிலில் இருந்தவர் கார்டன் ஹார்ட்மன். அவருடைய மகள் மார்கனுக்கு அறிவுத்திறன் வளர்ச்சியிலும் உடலிலும் குறைபாடுகள் உண்டு. ஒரு விடுமுறையின்போது, ஹோட்டல் நீச்சல் குளத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளோடு சேர அவள் ஆசையாகப் போக, எப்படிப் பேசுவது என்று தெரியாமல் அந்தக் குழந்தைகள் குளத்தைவிட்டு ஏறிப் போய்விட்டார்கள். அந்தக் காட்சி அப்பாவை விடவில்லை. 2010-ல் ‘மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்’ திறந்தது. ராட்டினத்திலும் ராட்சத வீலிலும் வீல்சேரோடு ஏறலாம். ஊஞ்சல்கூட வீல்சேருக்கென்றே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் கிடையாது.

2017-ல் பக்கத்திலேயே ஒரு நீர்ப் பூங்காவும் வந்தது. பேட்டரி வீல்சேர் தண்ணீரில் போக முடியாதே? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழுத்தப்பட்ட காற்றில் ஓடும் வீல்சேரை உருவாக்கினார்கள். பேட்டரியே இல்லை, சில நிமிடங்களில் காற்று நிரப்பிவிடலாம். இங்கே உயரமான, வேகமான ரைடுகள் எதுவும் கிடையாது. வாழ்நாளில் ஒருமுறைகூட தண்ணீருக்குள் தானாக வண்டி ஓட்டிப் போகாதவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிவதில்லை.

நம்ம ஊரில்?

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ‘பொதுக் கட்டடம்’ என்ற வரையறைக்குள் பொழுதுபோக்குக்காக மக்கள் வந்துபோகும் தனியார் இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் நடைமுறையில், ஒரு சாய்வுப் பாதை போட்டதோடு கடமை முடிந்தது என்ற மனநிலைதான் பல இடங்களில். விதிகள் கட்டாயமாக இல்லாமல் வெறும் வழிகாட்டுதலாக இருப்பதுதான் சிக்கல் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தர நிலைகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டத்தின் வேகத்துக்கு நம் கோடை விடுமுறை காத்திருக்காது.

அதனால் உள்ளூர் பார்க்குக்குப் போவதென்றாலும் டிக்கெட் போடும் முன் ஒரு போன். “வீல்சேர் வருமா?” என்று பொதுவாகக் கேட்டால் “வரும் சார், வாங்க” என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேட்க வேண்டும். ரைடு மேடைக்குப் படி எத்தனை, சாய்வுப் பாதையோ லிஃப்ட்டோ இருக்கிறதா? வாடகை வீல்சேர் எத்தனை இருக்கிறது? வீல்சேரோடு கதவு மூடும் கழிப்பறை எங்கே? எந்த ரைடில் எடை வரம்பு, எத்தனை கிலோ? பெல்ட் மட்டுமா, தொடைக் கம்பியா, தோள் பூட்டா? ஏற முடியாத ரைடுகள் போக, டிக்கெட்டில் ஏதாவது குறைப்பார்களா? பதில் சொல்பவர் தடுமாறினால், அந்த சீட்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பூட்டு எங்கே விழும் என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.